பாட் ஸ்மல்லன்

பாட் ஸ்மல்லன் (மே 22, 1977 - செப்டம்பர் 15, 2020) அயர்லாந்தைச் சேர்ந்த குதிரைப் பந்தயச் சவாரியாளர் (ஜாக்கி) ஆவார். தடைகளைத் தாண்டாமல் குதிரைகள் சமதளத்தில் ஓடும் பந்தயங்களில் இவர் சவாரி செய்தார். ஒரு பருவத்தில் மிகுதியான வெற்றிகளைப் பெறும் சவாரியாளருக்குரிய அயர்லாந்தின் வாகையர் பட்டத்தை ஒன்பது முறை வென்றார். கணையப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டியமைக்காகவும் இவர் நினைவுகூரப்படுகிறார்.

தொடக்க காலம்

ஸ்மல்லன் ஆஃபலி மாவட்டத்தில் உள்ள ரோட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1993 ஆம் ஆண்டு, தமது 16 ஆம் அகவையில், டண்டாக் ஓடுதளத்தில் விகோசா என்னும் குதிரையில் முதல் வெற்றியைப் பெற்றார். 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் பயிற்சிநிலைச் சவாரியாளர்களுக்கான வாகையர் பட்டத்தை வென்றார்.

டெர்மட் வெல்ட் லாயத்தில்

பயிற்றுநர் டெர்மட் வெல்டின் லாயம் கில்டேர் மாவட்டத்தில் உள்ள கரா சமவெளியில் அமைந்துள்ளது. அதன் முதன்மைச் சவாரியாளராக இருந்த மிக் கினேன் விலகியதை அடுத்து, 1999 இல் ஸ்மல்லன் அப்பொறுப்பை ஏற்றார். பின்னர் வேறு எந்த லாயத்துக்கும் மாறாமல், ஓய்வு பெறும் வரை அங்கேயே நீடித்தார். 2000, 2001, 2005, 2007, 2008, 2010, 2014, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் அயர்லாந்தின் வாகையரானார்.

முதன்மையான வெற்றிகள்

வின்னி ரோ என்னும் குதிரையில் 2001 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அயர்லாந்து செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றார். 2003 இல் ரெஃப்யூஸ் டு பெண்ட் குதிரையில் இங்கிலாந்தின் 2000 கினிப் பந்தயத்தையும், 2004 இல் கிரே சுவாலோ குதிரையில் அயர்லாந்து டெர்பியையும், 2010 இல் ரைட் ஆஃப் பாசேஜ் குதிரையில் அஸ்கட் தங்கக் கோப்பையையும் வென்றார்.

மூன்று வயதுக் குதிரைகளுக்கான எப்சம் டெர்பி, 1780 இல் தொடங்கப்பட்ட புகழ்மிக்க ஆங்கிலப் பந்தயம் ஆகும். 2016 இல் நான்காம் ஆகா கானுக்குச் சொந்தமான ஹர்சாண்ட் என்னும் குதிரை, போட்டி நாளன்று குளம்பில் காயமுற்றிருந்தது. அது ஓடுமா என்பதே ஐயத்துக்குரியதாக இருந்தது. எனினும் ஸ்மல்லனின் சவாரியில் அது வெற்றி பெற்றது. ஸ்மல்லன், வெல்ட் இருவருக்கும் இதுவே முதல் எப்சம் டெர்பி வெற்றியாகும். அதே மாதத்தில் ஹர்சாண்ட் அயர்லாந்து டெர்பியையும் வென்றது.

நோயும் நிதி திரட்டலும்

2018 மார்ச்சில் ஸ்மல்லனுக்குக் கணையத்தில் புற்றுக்கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அதன் பின்னர் அவர் பந்தயங்களுக்குத் திரும்பவில்லை. 2019 மே மாதத்தில் ஓய்வை அறிவித்தார்.

புற்றுநோய் மருத்துவச் சோதனைகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு, ஓய்வு பெற்ற வாகையர்கள் பங்கேற்ற சிறப்புப் பந்தயம் ஒன்றை இவர் முன்னின்று ஏற்பாடு செய்தார். இது 2019 செப்டம்பர் 15 அன்று கரா ஓடுதளத்தில் நடைபெற்றது. டோனி மெக்காய், ரூபி வால்ஷ், கீரன் ஃபாலன், ஜானி மர்டா முதலானோர் கலந்துகொண்டனர், மெக்காய் வென்றார். தாமும் இப்பந்தயத்தில் சவாரி செய்ய ஸ்மல்லன் விரும்பியிருந்தார். ஆயினும் நோய் மீண்டும் தோன்றியதால் அது இயலாமற் போயிற்று. இம்முயற்சியால் 25 இலட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட தொகை திரண்டது.

அப்பந்தயம் நடைபெற்று சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாளில், 2020 செப்டம்பர் 15 அன்று, தமது 43 ஆம் அகவையில் ஸ்மல்லன் காலமானார்.