அச்சும் வில்லும்



தொண்டைமானாற்றுக்கு அப்பெயர் வந்த காரணத்தை யாழ்ப்பாணத்து மரபு ஒரு கதையாகச் சொல்லும். சோழன் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும் பொருட்டு இக்கால்வாயை வெட்டுவித்தான் என்பது அக்கதை. அது எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்ற ஆராய்ச்சியைப் புலவர்களுக்கு விட்டுவிடுவோம். உப்பு மாத்திரம் இன்றும் அங்கே குறைவின்றி இருக்கிறது. காற்றிலும் இருக்கிறது, கோடையில் வற்றிக் கிடக்கும் கடனீரேரியின் சேற்றிலும் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே சென்றால் மணற்காட்டின் மணற்குன்றுகள் எதிர்ப்படும்; புனித அந்தோனியாரின் பழைய கோயிலையே பாதி விழுங்கிய மணல் அது. இந்த உப்பையும் மணலையும் மனத்திற்கொண்டே, பழைய ஜீப் வண்டியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேசக் கருதுகிறேன்.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், இலங்கையில் பழைய வண்டிக்கும் புது மதிப்பு வந்தது. 2025இல் தடை நீங்கியும் விலை சாதாரண மக்களுக்கு எட்டவில்லை. ஆதலின், பாட்டன் காலத்து ஜீப்பையும் லாண்ட் றோவரையும் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்துப் புதுப்பிப்போர் பலர். அவர்களுள் இளைஞர்களுக்கு முதலில் தோன்றும் ஆசை ஒன்றே: வண்டியை உயர்த்த வேண்டும். உயர்ந்து நிற்கும் வண்டிக்கு ஒரு மிடுக்கு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எதை உயர்த்துகிறோம் என்பதை அறிய, நம் மாட்டுவண்டியிலிருந்தே தொடங்குதல் நன்று.

மாட்டுவண்டிக்கு வில் இல்லை. அதன் உயரமெல்லாம் சக்கரத்தின் உயரமே. ஐந்தடி விட்டமுள்ள சக்கரமாயின், அச்சு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். வழியில் கிடக்கும் கல்லும் கட்டையும் அதன் கீழே தப்பிப்போகும். வண்டியில் இருப்பவனுடைய முதுகெலும்புதான் தப்பாது. மேல்நாட்டுக் குதிரைவண்டிகளில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தைச் சேர்ந்த ஒபதாயா எலியட் என்பவர் வளைந்த உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே பொருத்தும் முறைக்கு உரிமை பெற்றார். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதனைக் கமான் பட்டை என்பார்கள். கமான் என்பது பாரசீகச் சொல்; அதற்கும் வில் என்பதே பொருள். அச்சின் உயரம் ஒன்று, உடலின் உயரம் மற்றொன்று என்று இரண்டாகப் பிரிந்தது வில் வந்த பின்னர்தான். இந்தப் பிரிவை மறந்துவிடுவதே இன்றைய பிழைகளுக்கெல்லாம் வித்து.

1940இல் அமெரிக்க இராணுவம் சிறிய நாற்சக்கர உந்து வண்டி ஒன்றைக் கேட்டது. பாண்டம் என்ற சிறு நிறுவனம் முதல் மாதிரியை அவ்வாண்டு செப்டெம்பரில் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்ததும் இங்கிலாந்தில் றோவர் நிறுவனத்தின் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸிலுள்ள ஆங்கிள்சீ தீவில் தம் பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது பழுதானால் அதற்கு ஈடாக எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து லாண்ட் றோவர் பிறந்தது. 1948 ஏப்பிரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. உருக்குக்குப் பஞ்சமான காலமாதலின் உடற்பகுதியை அலுமினியக் கலவையால் செய்தார்கள். அடிச்சட்டம் மட்டும் உருக்கு. தொண்டைமானாற்று உப்புக்காற்றில் இந்த வண்டியின் மேனி பளபளவென்று இருக்க, அடிச்சட்டம் உள்ளுக்குள் அரிபட்டுப் போவது இதனாலேதான்.

இவ்விரு வண்டிகளிலும் அச்சு ஒரே தண்டாக ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை செல்கிறது. அதன் நடுவே பல்சக்கரங்களை அடக்கிய குடம் போன்ற பகுதி தொங்குகிறது. மணலிலும் சேற்றிலும் முதலில் தட்டுப்படுவது அந்தக் குடமே. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் குடம் ஓர் இழைகூட உயராது. உடல்தான் மேலே போகும். குடத்தை உயர்த்த வழி ஒன்றே: மாட்டுவண்டியின் வழி, அதாவது பெரிய சக்கரம். ரயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் குடம் 1 அங்குலம் உயரும். அதற்கும் விலை உண்டு. பெரிய ரயரால் சுக்கான் கனக்கும், இழுவை குறையும், பழைய பிறேக்குக்கு வேலை மிகும். முழுவதும் திருப்பினால் ரயர் வில்லில் உரசும். உடலை உயர்த்துவது பயனற்றது என்று சொல்லவில்லை. பெரிய ரயருக்கு இடம் தரும். மேட்டில் ஏறும்போது வண்டியின் முன்முகமும் பின்முகமும் தரையில் இடியாமல் காக்கும். அவ்வளவே.

உயர்த்தும் முறைகள் பல. தகடு ஒன்றைக் கூடுதலாகச் செருகுவது மிக மலிவு. வண்டி உயரும், ஆனால் கல்லாகிவிடும். பாரமேற்றும் வண்டிக்கு அது பொருந்தும், மற்றையோருக்கு மாட்டுவண்டிச் சுகமே மிஞ்சும். வில்லின் ஒரு முனையைத் தாங்கும் தொங்கு இணைப்பை நீட்டுவது இரண்டாம் வழி. 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலமே உயரும். அதோடு அச்சும் சற்றே திரும்பிவிடுவதால், முன்புறத்தில் இதைச் செய்த வண்டி நேர்வழியில் நில்லாமல் அலையும். ஜீப்பில் அச்சுக்குக் கீழே இருக்கும் வில்லை மேலே ஏற்றிப் பொருத்துவதும் உண்டு. ஒரேயடியாக ஐந்தாறு அங்குலம் கிடைக்கும். ஆனால் புறொப்பெல்லர் தண்டின் சாய்வு, பிறேக் குழாய், சுக்கான் கோல் யாவற்றையும் மாற்றியமைக்க வேண்டும். அவற்றை மாற்றாமல் வில்லை மட்டும் ஏற்றியவன், பிறேக் குழாய் இழுபட்டு அறுவதற்கு வழி செய்தவன் ஆவான்.

இவற்றினும் நல்லதாக எனக்குத் தோன்றுவது, நடுவில் தடித்து முனைகளில் மெலிந்த இரண்டு மூன்று தகடுகளையே கொண்ட புதுவகை வில். பழைய வில்லில் பல தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து இறுகிக் கிடக்கும். துரு ஏறினால் ஒரே கட்டையாகிவிடும். புதுவகையில் தகடுகளுக்கிடையே வெளி உண்டு. ஆகையால் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது வில்லும் கூடவே இறங்கி, ரயரைத் தரையோடு வைத்திருக்கும். நான்கு சக்கரமும் தரையைப் பற்றியிருப்பதே மணலில் வெற்றி. 1970இல் அதே நிறுவனம் வெளியிட்ட றேஞ்ச் றோவர், தகட்டு வில்லை விட்டுச் சுருள் வில்லுக்கு மாறியதும், 1983இல் லாண்ட் றோவர் அதைப் பின்பற்றியதும் இந்த நெகிழ்ச்சியை நாடியே, மிடுக்கை நாடியன்று.

மணலைப் பற்றிப் பேசும்போது றால்ஃப் பக்னோல்டை விட்டுவிட முடியாது. 1920களிலும் 30களிலும் எகிப்து, லிபியாப் பாலைகளில் சாதாரண ஃபோர்ட் கார்களை ஓட்டிச் சென்ற ஆங்கிலேய இராணுவப் பொறியியலாளர் அவர். காற்றில் பறக்கும் மணலின் இயல்பைப் பற்றி 1941இல் ஓர் அரிய நூலும் வெளியிட்டார். அவர் கையாண்ட உபாயங்கள் எளியவை: ரயரின் காற்றைக் குறைத்தல், புதைந்த சக்கரத்தின் கீழ் உருக்குத் தகடு இடுதல். நாம் அத்தகட்டுக்குப் பதிலாகப் பனை மட்டையை இடலாம். சதுர அங்குலத்துக்கு 25 இராத்தல் இருக்கும் காற்றை 15ஆகக் குறைத்தால், ரயர் அகன்று மணலின்மேல் மிதக்கும். செலவு எதுவுமில்லை. தார்த் தெருவுக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடித்துக்கொள்ள ஒரு பம்பு வேண்டும், அவ்வளவே. பெரும்பணம் கொடுத்து வண்டியை உயர்த்தியும் மணற்காட்டில் புதைந்து நிற்பவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது அந்தப் பம்புதான்.

உயர்த்துவதில் உள்ள அபாயத்தைச் சிறு கணக்கால் காட்டுகிறேன். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 50 அங்குலமும், பாரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 28 அங்குலமும் உள்ள வண்டி ஏறத்தாழ 42 பாகை சாயும்வரை கவிழாது. நடுப்புள்ளி 3 அங்குலம் உயர்ந்தால் அது 39 பாகையாகக் குறையும். மூன்று பாகைதானே என்று எண்ணற்க. இது அசையாது நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும்போது, வளைவில், வில் ஒருபுறம் அமிழ, பின்னே ஆறுபேர் எழுந்து நிற்க, வல்லை வெளியின் காற்று பக்கவாட்டில் மோத, மிச்சம் எவ்வளவு இருக்கும்? சந்நிதி திருவிழாவுக்குக் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டி அது என்பதை உயர்த்துபவர் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பட்டறைக்காரரின் திறமையில் எனக்கு ஐயமில்லை. 1990க்குப் பின் பெற்றோல் தடுக்கப்பட்ட ஆண்டுகளில், சில துளி பெற்றோலைக் காட்டி யந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரினையும் மொறிஸையும் ஓட்டிக் காட்டிய கைகள் அவை. ஆயினும் அமிழ்ந்துபோன வில்லை உலையில் காய்ச்சி வளைப்பது வேறு காரியம். வில்லுருக்குக்கு ஒரு பதம் உண்டு. அளவறியாது காய்ச்சினால் பதம் கெட்டு, தகடு மறுபடி அமிழும், அல்லது முறியும். முறியும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசலாக இராது.

ஆகவே வேலையின் முறையைச் சொல்கிறேன். முதலில் வண்டியின் கீழே படுத்து, வில்லைத் தாங்கும் கொளுவிகளையும் அடிச்சட்டத்தின் முனைகளையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உருக்கு இருக்கிறது. சொத்தென்றால் துருவே இருக்கிறது, அங்கே புதுவில் பொருத்துவது வீண். அடுத்து இணைப்புகளின் இறப்பர்களையும் அதிர்ச்சி தாங்கிகளையும் மாற்றுங்கள். வண்டி அமிழ்ந்துவிட்டது என்று வந்த பலருக்கு இந்தக் கட்டத்திலேயே குறை தீர்ந்துவிடும். தீராவிட்டால் பழைய உயரத்துக்கே நல்ல வில். அதற்கும் மேலே வேண்டுமாயின் 2 அங்குலத்துக்கு உட்பட்டு. கடற்கரையிலோ கடனீரேரியிலோ இறங்கி வந்த நாளில், பொழுது சாயுமுன் நன்னீரை வாளி வாளியாக வில்லின் இடுக்குகளிலும் சட்டத்தின் துளைகளிலும் ஊற்றிக் கழுவுங்கள். மேனியை மறுநாள் துடைத்துக்கொள்ளலாம்.