சர்வீஸுக்கு எதற்குச் சாளரம்?

கணினியை ஆன் செய்ததும், யாரும் லாகின் செய்வதற்கு முன்பே, பின்னணியில் ஓடத் தொடங்கும் நிரல்கள் உண்டு. அச்சு வேலைகளை வரிசைப்படுத்துவது, வைரஸ் தேடுவது எல்லாம் இவற்றின் பொறுப்பு. யுனிக்ஸில் இவற்றுக்கு டெமன் என்று பெயர், விண்டோஸில் சர்வீஸ். டெமனுக்கு முகம் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் லாக் கோப்பில் எழுதிவிட்டுப் போய்விடும்.

1993-ல் தொடங்கிய விண்டோஸ் என்.டி. வரிசையில் மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் தாராளம் காட்டியது. ஒரு டிக் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் போதும், சர்வீஸ் பயனரின் திரையிலேயே சாளரம் திறக்கலாம். நிரலாளர்களுக்குக் கொண்டாட்டம்! ஒரே நிரலில் பின்னணி வேலையும் பொத்தான்களும் முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே? சர்வீஸ்கள் பெரும்பாலும் 'லோக்கல் சிஸ்டம்' என்ற கணக்கில் ஓடும். அந்தக் கணினியில் அதற்கு மேல் அதிகாரம் இல்லை. விண்டோஸிலோ ஒரு சாளரம் இன்னொரு சாளரத்துக்கு மெசேஜ் அனுப்பலாம். அனுப்பியது யார் என்று வாங்கும் சாளரத்துக்குத் தெரியாது. ராஜா வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்த கதைதான்.

2002 ஆகஸ்டில் கிறிஸ்டின் பேஜெட் இதைச் செய்தே காட்டினார். ஒரு ஆன்டிவைரஸ் சாளரத்தின் எழுத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, முதலில் அதன் நீள வரம்பை நீக்கினார். பிறகு அதில் இயந்திரக் கட்டளைகளை ஒட்டினார். கடைசியாக ஒரு டைமர் மெசேஜ். அதனுடன் ஒரு நினைவக முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் கேள்வி கேட்காமல் அங்கே தாவும். சாதாரணப் பயனரின் கட்டளைகள் சிஸ்டம் அதிகாரத்தில் ஓடின. இதற்கு 'ஷாட்டர் அட்டாக்' என்று பெயர்.

ஒரே டெஸ்க்டாப்பில் உள்ள சாளரங்கள் எல்லாம் சமம், அங்கே சர்வீஸ் சாளரம் திறந்ததுதான் தவறு என்றது மைக்ரோசாஃப்ட். (டிக் பெட்டியைக் கொடுத்தது யாராம்?) டிசம்பரில் டைமர் ஓட்டையை அடைத்தார்கள். மறு ஆண்டே வேறு மெசேஜ்களை வைத்து அதே வேலையைச் செய்யலாம் என்று காட்டிவிட்டார்கள்.

உண்மையான மாற்றம் விஸ்டாவில் வந்தது. எக்ஸ்பி வரை, முதலில் லாகின் செய்பவரும் சர்வீஸ்களும் செஷன் 0 என்ற ஒரே இடத்தில் இருந்தார்கள். 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் அது சர்வீஸ்களுக்கு மட்டும். பயனருக்கு செஷன் 1 முதல். பழைய நிரல்கள் தடுமாறின. சர்வீஸ் ஒரு பெட்டியைக் காட்டி 'ஓகே' அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். அதைப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. இதற்காகவே ஒரு துணைச் சேவை வைத்தார்கள். அது பயனரை வெறிச்சோடிய செஷன் 0 திரைக்குக் கூட்டிப்போய்க் காட்டித் திருப்பி அனுப்பும். 2018-ல், விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பில், அதையும் நீக்கிவிட்டார்கள்.

இப்போதைய வழி, நிரலை இரண்டாகப் பிரிப்பது. சர்வீஸ் பின்னால், சின்ன சாளர நிரல் பயனர் பக்கம், இடையே பேச ஒரு பைப். பேசுவது யார் என்று சர்வீஸ் சரிபார்க்காவிட்டால் பழைய ஓட்டையே இங்கேயும் திறக்கும்.

விஸ்டா அந்த டிக் பெட்டியை மட்டும் எடுக்கவில்லை. டிக் செய்யலாம், சாளரம்தான் பயனர் திரைக்கு வராது.