சியாட்டிக்கா

சியாட்டிக்கா அல்லது கால் நரம்பு வலி என்பது கீழ்முதுகிலோ பிட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறம் வழியாக முழங்காலுக்குக் கீழேயும், பல வேளைகளில் பாதம் வரையிலும் பரவும் வலியைக் குறிக்கும். இது தனியொரு நோய் அன்று. சியாட்டிக் நரம்போ அதனை உருவாக்கும் நரம்பு வேர்களோ அழுத்தப்படுவதாலும் அழற்சி அடைவதாலும் தோன்றும் அறிகுறிகளின் தொகுப்பு ஆகும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்குவதே இதன் முதன்மைக் காரணம். வலி மிகக் கடுமையாக இருப்பினும், பெரும்பாலான நோயாளிகள் அறுவை மருத்துவம் இன்றிச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நலமடைகின்றனர். எனினும் வலியுடன் சிறுநீர், மலம் கழித்தலில் மாற்றம் ஏற்பட்டால் அது அவசர மருத்துவ நிலையாகும்.

பெயர்

சியாட்டிக்கா என்னும் சொல், இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து இலத்தீன் வழியாக வந்ததாகும். ஆயுர்வேத நூல்களில் இதையொத்த நிலை கிருத்ரசி எனப்படுகின்றது. கிருத்ரம் என்பது வடமொழியில் கழுகைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் "ஜவ்வு விலகிவிட்டது", "டிஸ்க் விலகிவிட்டது", "நரம்பு இழுக்கிறது" என்று பலவாறாகக் கூறுவர். இவற்றுள் "விலகிவிட்டது" என்பது தவறான புரிதலைத் தரக்கூடியது. தட்டு தன் இடத்தை விட்டு நழுவுவதில்லை. அதன் ஓரம் கிழிந்து உள்ளிருக்கும் பொருள் வெளியே பிதுங்குகின்றது. எனவே சுளுக்கு எடுப்பது போல உருவிவிட்டோ இழுத்துவிட்டோ தட்டை மீண்டும் உள்ளே தள்ள இயலாது.

உடற்கூறு

சியாட்டிக் நரம்பு மனித உடலின் மிகத் தடித்த நரம்பு ஆகும். கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் நரம்பு வேர்களும், அவற்றுக்குக் கீழே திருவெலும்புப் பகுதியின் முதல் மூன்று நரம்பு வேர்களும் இணைந்து இதனை உருவாக்குகின்றன. இது பிட்டத் தசைகளின் அடியே சென்று, தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரு கிளைகளாகப் பிரிகின்றது. வலியின் ஊற்று முதுகில் இருக்க, நோயாளி அதனைக் காலில் உணர்வதற்கு இந்த நீண்ட பாதையே காரணம்.

முள்ளெலும்புகளுக்கு இடையே அமைந்த தட்டுகள் இரு பகுதிகளைக் கொண்டவை. வெளியே உறுதியான நார்வளையமும், உள்ளே நீர் மிகுந்த கூழ் போன்ற கருவும் உள்ளன. வயது ஏற ஏறக் கருவில் நீர் குறைகின்றது, நார்வளையத்தில் சிறு வெடிப்புகள் தோன்றுகின்றன.

காரணங்கள்

சியாட்டிக்கா நோயாளிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குத் தட்டுப் பிதுக்கமே காரணம் எனக் கருதப்படுகின்றது. இது மிகுதியாகக் கீழ்முதுகின் கடைசி இரு தட்டுகளில் ஏற்படுகின்றது. மருத்துவ அறிக்கைகளில் இவை எல்4-எல்5, எல்5-எஸ்1 எனக் குறிக்கப்படும். வலிக்கு அழுத்தம் மட்டுமே காரணம் அன்று. வெளியேறிய கருப்பொருள் நரம்பு வேரைச் சுற்றி வேதியியல் அழற்சியையும் உண்டாக்குகின்றது. இதனால்தான் சிறிய பிதுக்கம் கடும் வலியையும், பெரிய பிதுக்கம் சில வேளைகளில் மிகக் குறைந்த வலியையும் தருகின்றன.

பிற காரணங்களாவன:

* முதியவர்களில் தண்டுவடக் குழாய் குறுகுதல். இவர்களுக்கு நடக்கும்போது கால் வலி கூடும். அமர்ந்தாலோ முன்னோக்கிக் குனிந்தாலோ குறையும்.
* ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மீது முன்னோக்கி நகர்தல்.
* பிட்டத்தின் ஆழத்திலுள்ள தசை நரம்பை அழுத்துதல். பின்பையில் தடித்த பணப்பையை வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்வதும் அவ்விடத்தில் நரம்பை அழுத்தலாம்.
* முதுகெலும்புக் காசநோய், பிற தொற்றுகள், புற்றுநோய் ஆகியன. இவை அரியவை எனினும் தவறவிடக் கூடாதவை.

அறிகுறிகள்

வலி பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் ஏற்படும். மின்சாரம் பாய்வது போலவோ, எரிவது போலவோ, குத்துவது போலவோ இருக்கும். இருமல், தும்மல், மலம் கழிக்க முக்குதல் ஆகியவற்றால் வலி கூடும். முதுகு வலியை விடக் கால் வலி மிகுந்திருத்தல் இதன் சிறப்பியல்பு ஆகும். மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசை வலுவிழத்தல் ஆகியனவும் காணப்படலாம்.

எந்த நரம்பு வேர் தாக்கப்பட்டுள்ளது என்பதை அறிகுறிகளின் இடத்தைக் கொண்டு ஓரளவு அறியலாம்.

* எல்4 வேர்: முழங்காலின் முன்புறமும் கீழ்க்காலின் உட்புறமும் பாதிக்கப்படும். முழங்கால் அனிச்சைச் செயல் குறையலாம்.
* எல்5 வேர்: கீழ்க்காலின் வெளிப்புறமும் பாதத்தின் மேற்புறமும் மரத்துப்போகும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்குவதும் குதிகாலில் நடப்பதும் கடினமாகும்.
* எஸ்1 வேர்: பாதத்தின் வெளி ஓரமும் அடிப்பகுதியும் பாதிக்கப்படும். நுனிக்காலில் நிற்பது கடினமாகும். கணுக்கால் அனிச்சைச் செயல் குறையும்.

அவசர நிலை அறிகுறிகள்

வளர்ந்தவர்களில் தண்டுவடம் கீழ்முதுகின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிவடைகின்றது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரையின் வால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. பெரிய பிதுக்கம் ஒன்று இக்கற்றை முழுவதையும் அழுத்தினால் குதிரைவால் நோய்த்தொகை எனப்படும் நிலை உண்டாகும். இது அரிதானது. ஆனால் மருத்துவம் தாமதமானால் சிறுநீர், மலம், பாலுறவு ஆகியவற்றின் இயக்கம் நிரந்தரமாகக் கெடக்கூடும். அதன் அறிகுறிகள்:

* மிதிவண்டியின் இருக்கையில் படும் பகுதி, அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடைகளின் உட்புறம் ஆகியன மரத்துப்போதல்.
* சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீர் வருவதை உணராமை, அல்லது அறியாமல் சிறுநீரோ மலமோ வெளியேறுதல்.
* இரு கால்களிலும் வலியோ வலுவின்மையோ ஏற்படுதல்.

இவற்றுள் ஏதேனும் தோன்றினால், வலி குறைந்திருந்தாலும், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவை அடைதல் வேண்டும். கூச்சம் காரணமாகப் பலர் இவற்றைத் தாமாகக் கூறுவதில்லை. ஆகையால் மருத்துவர்கள் இவற்றை நேரடியாகக் கேட்டறிவது முறையாகும். பாதம் தொங்கிப்போதல், நாளுக்கு நாள் கால் வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரவில் கூடும் வலி, முன்னரே புற்றுநோய் இருந்திருத்தல் ஆகியவற்றுக்கும் தாமதமின்றி மருத்துவ ஆய்வு தேவை.

நோயறிதல்

நோயாளியின் விவரிப்பும் உடல் ஆய்வுமே நோயறிதலின் அடிப்படை. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்தும்போது, ஏறத்தாழ 30 முதல் 70 பாகைக்குள் வலி காலில் பரவினால் நரம்பு வேர் எரிச்சல் அடைந்திருக்கக்கூடும். வலியில்லாத காலை உயர்த்தும்போது வலியுள்ள காலில் வலி தோன்றினால் தட்டுப் பிதுக்கம் இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி.

அவசர அறிகுறிகள் இல்லாதபோது தொடக்க வாரங்களில் படிமம் எடுப்பது பொதுவாகத் தேவையில்லை. எக்சு-கதிர்ப் படத்தில் எலும்பு தெரியுமே அன்றித் தட்டோ நரம்போ தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. படிமத்தில் இவை தெளிவாகத் தெரியும். ஆனால் காணப்படும் மாற்றங்கள் அனைத்தும் வலிக்குக் காரணமாக இருப்பதில்லை. முதுகு வலியே இல்லாதவர்களின் படிமங்களைத் தொகுத்து 2015ல் வெளிவந்த மீளாய்வு ஒன்றின்படி, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. ஆகவே அறிக்கையில் உள்ள "தேய்மானம்", "பிதுக்கம்" போன்ற சொற்களைத் தனித்து நோக்காமல், நோயாளியின் அறிகுறிகளுடன் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

அறுவையற்ற மருத்துவம்

பிதுங்கிய பொருளை உடலின் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அயற்பொருளாகக் கருதிப் படிப்படியாக அகற்றுகின்றன. முற்றிலும் உடைந்து வெளியேறிய பெரிய துண்டுகள், சிறிய புடைப்புகளைக் காட்டிலும் மிகுதியாகச் சுருங்குவது வியப்பிற்குரியது. எனவே மருத்துவத்தின் முதன்மை நோக்கம், இந்த இயற்கைச் சீராக்கம் நிகழும் வரை வலியைத் தாங்கத்தக்க அளவில் வைத்து, நோயாளியை நடமாட வைப்பதாகும்.

ஓய்வும் இயக்கமும்: நீண்ட படுக்கை ஓய்வு பயன் தருவதில்லை. நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1999ல் வெளியான ஆய்வில், இரு வாரம் படுக்கை ஓய்வு எடுத்தோரும் எடுக்காதோரும் 12 வாரங்களின் முடிவில் சம அளவில், 87 விழுக்காட்டினர், முன்னேற்றம் கண்டனர். வலி கடுமையாக உள்ள ஓரிரு நாட்கள் வசதியான நிலையில் படுத்திருக்கலாம். பின்னர்ச் சிறிது சிறிதாக நடப்பது நல்லது. ஒரே நிலையில் நெடுநேரம் அமர்வதைத் தவிர்த்து, அவ்வப்போது எழுந்து நடத்தல் வேண்டும்.

உடற்பயிற்சி: இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் முதுகு, வயிறு, பிட்டத் தசைகளுக்கான பயிற்சிகள் மேற்கொள்ளப்படுகின்றன. பயிற்சியின்போது கால் வலி மேல்நோக்கிச் சுருங்கி முதுகை நோக்கி நகர்ந்தால் அது நல்ல குறியாகக் கொள்ளப்படுகின்றது. வலி மேலும் கீழிறங்கிப் பாதத்தை நோக்கிப் பரவினால் அப்பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

மருந்துகள்: ஐபுபுரூஃபன் போன்ற அழற்சி நீக்கிகள் ஓரளவு மட்டுமே பயன் தருகின்றன. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது. நரம்பு வலிக்காகப் பரவலாக வழங்கப்படும் பிரிகாபலின், ஆத்திரேலியாவில் நடத்தப்பட்டு 2017ல் வெளியான ஆய்வில், போலி மருந்தைக் காட்டிலும் கூடுதல் பயன் தரவில்லை. தலைச்சுற்றலே மிகுந்தது. ஐக்கிய இராச்சியத்தின் வழிகாட்டி நெறிகளும் 2020 முதல் சியாட்டிக்காவுக்கு இம்மருந்தைப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கனவே உட்கொண்டு வருவோர் இதனைத் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் வழி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஊசி: தண்டுவட உறையைச் சுற்றிச் செலுத்தப்படும் இசுடீராய்டு ஊசி, கடும் வலியைச் சில வாரங்களுக்குச் சிறிதளவு தணிக்கலாம். நெடுநாள் பயன் உறுதியாகவில்லை.

அறுவை மருத்துவம்

குதிரைவால் நோய்த்தொகைக்கு உடனடி அறுவை தேவை. வலுவின்மை கூடிக்கொண்டே செல்லும்போதும், 6 முதல் 12 வாரங்கள் கடந்தும் தாங்க இயலாத கால் வலி நீடிக்கும்போதும் அறுவை கருதப்படுகின்றது. நுண்ணோக்கி வழியாக, நரம்பை அழுத்தும் துண்டு மட்டும் அகற்றப்படும்.

நெதர்லாந்தில் 283 நோயாளிகளை ஒப்பிட்டு 2007ல் வெளியான ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டோருக்கு வலி விரைவாகத் தணிந்தது. எனினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரிலும் 95 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தனர். காத்திருக்கும் பிரிவில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவை செய்துகொண்டனர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். மறுபுறம், 4 முதல் 12 மாதங்கள் வலி நீடித்தோரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 2020ல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அறுவையே கூடுதல் பயன் தந்தது. ஆகவே காத்திருத்தல் பெரும்பாலோருக்கு ஏற்றது. ஆனால் அது வரம்பற்றதாக இருத்தல் கூடாது.

வரலாறு

1764ல் நேப்பிள்சு நகர மருத்துவர் தொமேனிக்கோ கொத்துனியோ, நரம்பில் இருந்து எழும் இவ்வலியை இடுப்பு மூட்டு வலியில் இருந்து வேறுபடுத்தி நூல் எழுதினார். காலை உயர்த்தும் ஆய்வைச் செர்பிய மருத்துவர் இலாசா இலாசரேவிச்சு 1880ல் விவரித்தார். 1881ல் பிரான்சில் இதனை விவரித்த மாணவர் தம் ஆசிரியர் இலாசேகுவின் பெயரைச் சுட்டியதால், அது இலாசேகு ஆய்வு என்றே பெயர் பெற்றது. 1934ல் பாசுடன் நகரைச் சேர்ந்த வில்லியம் மிக்சுடர், யோசப் பார் ஆகியோர் தட்டுப் பிதுக்கமே பலருக்குக் காரணம் எனக் காட்டினர். அதன் பின்னர் அறுவை மருத்துவம் பெருகியது. அறுவை செய்யாத நோயாளிகளின் பிதுக்கம் தானே சுருங்குவதைப் பிற்காலத்தில் தொடர் படிமங்கள் வெளிப்படுத்தின. பெரும்பாலோருக்குப் பொறுத்திருந்து பார்க்கும் இன்றைய அணுகுமுறைக்கு இதுவும் ஓர் அடிப்படை ஆகும்.