சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு

ஒத்தக்கடையில் மேலூர் சாலையை விட்டுப் பிரிந்து திருமோகூர் வழியாகப் போனால் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனின் அமைச்சராக இருந்த வாதவூரர், குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார். நரிகள் பரிகளாகி மதுரை லாயத்துக்கு வந்தன. இரவோடு இரவாக அவை மறுபடி நரிகளாகி ஓடின. பக்தர்களுக்கு அது இறைவனின் திருவிளையாடல். எனக்கும் அப்படித்தான். ஆனால் கடைக்கணக்கு எழுதிப் பழகியவர்கள் அந்தக் கதையில் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். மாலையில் ஏட்டில் ஏறிய குதிரை காலையில் கொட்டடியில் இல்லை.

இணையத்தில் பொருள் விற்கும் சிறு கடைக்காரர்களின் பெரிய தலைவலியும் இதுதான். தளத்தில் 12 பாட்டில் இருப்பு என்று காட்டும். குடோனில் மூன்றுதான் இருக்கும். பணம் கட்டியவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும், பணத்தைத் திருப்பவேண்டும், அவர் மறுபடி வரமாட்டார்.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள, ஓர் ஆர்டரின் பின்னாலேயே நடந்து போவது நல்லது. திருவாதவூரில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை என்று வைத்துக்கொள்வோம். கடையும் வாடிக்கையாளரும் என் கற்பனை. நடுவில் வரும் மென்பொருளும் வரிச் சட்டமும் நிஜம்.

பெங்களூரில் அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கும் ஓர் அம்மா, தன் தளத்திலுள்ள ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏழு பாட்டில் கேட்கிறார். வரி சேர்த்துப் பாட்டில் 450 ரூபாய்; மொத்தம் 3,150. இரவு பத்து மணிக்குச் செல்போனில் பட்டனைத் தட்டுகிறார். ஆர்டர் பிறந்துவிட்டது. எண் 1047.

அது பிறந்த வீட்டின் பெயர் வேர்ட்பிரஸ். 2003 மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், கைவிடப்பட்டுக் கிடந்த பி2 என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்து வளர்த்ததில் உருவானது. எழுதியதை வெளியிடத்தான் அது முதலில் இருந்தது, விற்க அல்ல. நம் கடையின் விற்பனையை அதில் கவனிப்பது, 2011 செப்டம்பரில் வெளிவந்த வூகாமர்ஸ் என்ற பிளக்இன். அதுவும் ஜிகோஷாப் என்ற இன்னொரு கட்டற்ற பிளக்இன்னிலிருந்து கிளை பிரிந்ததுதான். 2015இல் முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் சட்டப்படி தொடரலாம் என்ற உரிமை இல்லாமல் போயிருந்தால் இந்த வீட்டில் ஒரு செங்கல்கூட எழும்பியிருக்காது.

நம் பக்கத்துக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் சிட்டை கிடக்கும். விற்கிற வேகத்தில் கிறுக்குவது சிட்டை. ராத்திரி கதவைச் சாத்தியபிறகு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, யார் கணக்கில் எது ஏறவேண்டுமோ அங்கே ஏற்றுவார். அது பேரேடு. இரண்டும் ஒரே நோட்டாக இருக்கமுடியாது. வாடிக்கையாளர் நிற்கும்போது பேரேட்டை விரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சிட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வரி கட்டவும் முடியாது.

வூகாமர்ஸ்தான் நம் கடையின் சிட்டை. பேரேடு வேறிடத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஈஆர்பிநெக்ஸ்ட். மும்பையில் ருஷப் மேத்தா, தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலைக் கணினியில் ஏற்றப் பட்ட பாட்டிலிருந்து தொடங்கியது. அதை வளர்க்கும் நிறுவனம் இன்று ஃப்ராப்பே. கொள்முதல், இருப்பு, பற்று வரவு எல்லாம் அதில் அடங்கும். இந்தியாவில் எழுதி உலகுக்கே திறந்து கொடுத்த மென்பொருள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சிட்டை பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பேரேடு பைத்தானில் எழுதப்பட்டது. இரண்டும் வேறு வேறு சர்வர்களில் இருக்கலாம். நடுவே நடந்து போகும் கணக்குப்பிள்ளையைத்தான் இணைப்பு என்கிறோம்.

1047 இப்போது கிளம்புகிறது. வூகாமர்ஸில் வெப்ஹுக் என்று ஒரு வசதி. இன்னது நடந்தால் இன்ன முகவரிக்குத் தகவல் சொல் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். இங்கேதான் முதல் பள்ளம். ‘ஆர்டர் உருவானதும் சொல்’ என்று எழுதினால், பணம் கட்டும் பக்கம் வரை வந்து திரும்பிப் போனவர்களின் ஆர்டரும் பேரேட்டுக்குப் போய்விடும். ஆர்டர் உருவாவதும் பணம் வந்து சேர்வதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஆகவே ‘மாறியதும் சொல்’ என்று கேட்டு, பணம் வந்த நிலையை எட்டியதை மட்டும் பேரேட்டில் ஏற்றவேண்டும். நம் அம்மா பணம் கட்டிவிட்டார். போகலாம்.

தகவல் போகும்போது அதன்மேல் முத்திரை வைக்கப்படுகிறது. சிட்டைக்கும் பேரேட்டுக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லையும், அனுப்பும் செய்தி முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் ஒரு நீண்ட குறியீடு அது. வழியில் யாராவது ஏழு பாட்டிலை எழுபதாக்கினால் முத்திரை பொருந்தாது. பேரேடு கதவைத் திறக்காது. ரகசியச் சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைப் படித்ததும் மாற்றிவிடவேண்டும்.

கதவே பூட்டியிருந்தால்? பேரேட்டைக் கடைக்குள் ஒரு கணினியில் வைத்திருந்து, ஊரில் கரண்ட் போய்விட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. தொடர்ந்து ஐந்து முறை தகவல் சேராவிட்டால் வூகாமர்ஸ் அந்த வெப்ஹுக்கையே அணைத்துவிடும். தளம் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கும், பேரேடு அமைதியாக இருக்கும், வியாபாரம் டல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். இதற்கு ஒரே மருந்து, தினமும் ராத்திரி பேரேடே எழுந்து போய், இன்று என்னென்ன ஆர்டர் என்று சிட்டையைக் கேட்டுச் சரிபார்ப்பது. 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 முதல், வெளியிலிருந்து இப்படிக் கேட்டுப் பதில் வாங்கும் வாசல் வேர்ட்பிரஸின் உள்ளேயே இருக்கிறது. வூகாமர்ஸ் தன் ஆர்டர்களையும் இருப்பையும் அந்த வாசலில் வைத்திருக்கிறது.

கரண்ட் வந்ததும் அதே ஆர்டர் இரண்டு முறை வந்து நிற்கவும் கூடும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர், அண்ணன் ஒருமுறையும் தம்பி ஒருமுறையும் வந்து ஒரே கவரைச் சொன்னால் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். இணைப்பும் 1047 ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று முதலில் தேடவேண்டும். எளிய வேலை, ஆனால் அவசரத்தில் எழுதப்படும் இணைப்புகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பெயர்ப் பொருத்தம். சிட்டையில் ‘மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர்’. பேரேட்டில் அதே பொருளுக்கு வேறொரு குறியீடு. ஈஆர்பிநெக்ஸ்டோடு சேர்ந்தே வந்த பழைய இணைப்பு, தளத்தின் எண்ணைப் பார்த்துப் பொருளைத் தேடும். கிடைக்காவிட்டால் தானே ஒரு புதுப் பொருளை உருவாக்கிக்கொள்ளும். உதவி செய்வதாக நினைத்துத்தான் அப்படி எழுதினார்கள். விளைவு, ஒரே எண்ணெய் இரண்டு பெயரில் இரண்டு இருப்பாகப் பிரிந்து நிற்கும். ஒன்றில் 40 பாட்டில் இருக்கும், இன்னொன்று பூஜ்யத்துக்குக் கீழே போகும். வாடிக்கையாளரையும் அது மின்னஞ்சலை வைத்துத்தான் அடையாளம் கண்டது. அந்த அம்மா அடுத்த முறை மகளின் மின்னஞ்சலில் வாங்கினால் பேரேட்டுக்கு அவர் புது ஆள். முதல் நாளே உட்கார்ந்து, இரண்டு பக்கத்திலும் ஒரே குறியீட்டைக் கையால் போட்டு வைப்பதைவிட இதற்கு நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிறகு வரி. சமையல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சரக்கு தமிழ்நாட்டுக்குள் போனால் அது மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. மாநில எல்லை தாண்டினால் ஒருங்கிணைந்த வரி என்று ஒரே தொகை. தமிழ்நாட்டின் குறியீட்டு எண் 33, கர்நாடகத்தின் எண் 29. முகவரியில் கர்நாடகம் என்று இருப்பதைப் பார்த்து இணைப்பு சரியான வரியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தவறினால் பிடிபடுவது வரி தாக்கல் செய்யும்போதுதான்.

அதற்குள் ஒரு பைசா காணாமல் போகும். 450 ரூபாயில் 5 சதவீத வரியைப் பிரித்தால் எண்ணெய் விலை 428 ரூபாய் 57 பைசா, அதற்குப் பின்னும் முடிவில்லாத தசமம். சிட்டை ஏழு பாட்டிலுக்கும் மொத்தமாகப் பிரித்து 3,000 ரூபாய் என்று சொல்கிறது. பேரேடு ஒரு பாட்டில் விலையை எடுத்து ஏழால் பெருக்கி 2,999 ரூபாய் 99 பைசா என்கிறது. வங்கிக்கு வந்த பணத்தோடு பில் ஒரு பைசா ஒட்டாது. ஆயிரம் பில்லில் இப்படி நின்றால் ஆடிட்டர் கேட்பார். ரவுண்டிங் என்று தனிக் கணக்கு வைத்து அதில் தள்ளவேண்டும்; எந்தப் பக்கத்து எண்ணை நம்புவது என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கவேண்டும். வாடிக்கையாளர் உண்மையில் கட்டியது 3,150. அதுதான் நிற்கவேண்டும் என்பது என் முடிவு.

அந்த அம்மா முகவரியைத் தமிழில் தட்டியிருந்தார். தளத்திலிருந்து கிளம்பும்போது ஒவ்வொரு எழுத்தும் தன் யூனிகோடு எண்ணாக மாறிப் போகும். ‘ம’ என்றால் 2990. பேரேட்டில் மறுபடி ‘ம’ ஆகிவிடும். ஒவ்வொரு பத்திரிகையும் அலுவலகமும் ஒவ்வொரு எழுத்துரு முறையை வைத்திருந்த 1990களில் இது நடந்திருக்காது. ஆனாலும் கடைசி அடியில் ஒரு தடுக்கல் உண்டு. பில்லையும் முகவரிச் சீட்டையும் பிடிஎஃப் ஆக்குவது சர்வர். அதில் தமிழ் எழுத்துருவை நிறுவாவிட்டால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் அச்சாகும். லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ போட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

காலையில் கடை திறக்கும்போது 1047 பேரேட்டில் விற்பனை ஆர்டராக உட்கார்ந்திருக்கிறது. செக்கில் ஆட்டிய தேதிவாரியாக, பழைய தொகுதியிலிருந்து ஏழு பாட்டிலை எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். டெலிவரி நோட்டைப் பேரேட்டில் பதிந்ததும் இருப்பு 40லிருந்து 33. பதிந்ததை இனி அழிக்கமுடியாது. தப்பு என்றால் ரத்து செய்து வேறு எழுதவேண்டும், ரத்தானதும் ஏட்டில் நிற்கும். பழைய கணக்குப்பிள்ளைகள் அழிரப்பரைத் தொடமாட்டார்கள், கோடு போட்டு அடித்து எழுதுவார்கள். அந்த ஒழுக்கத்தை ஈஆர்பிநெக்ஸ்டில் அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள்.

பெட்டி மேலூர் கூரியருக்குப் போகிறது. இங்கே ஆர்டரின் பயணம் முடிந்தது என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதே காலையில் உள்ளூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்து ஐந்து பாட்டில் வாங்கிப் போகிறார். குடோனில் 28. தளம் இன்னும் 33 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய இணைப்பு ஆர்டரைக் கொண்டு வந்ததே தவிர, இருப்பைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. அந்தக் குறையை உணர்ந்தவர்கள் தனியாக வூகாமர்ஸ் ஃப்யூஷன் என்ற செயலியை எழுதித் திறந்து வைத்தார்கள். அது இருப்பையும் விலையையும் தளத்துக்கு அனுப்புகிறது. ஒடூ போன்ற மென்பொருள்கள் தளத்தையும் பேரேட்டையும் ஒரே கூரைக்குள் கட்டி, இணைப்பே வேண்டாம் என்கின்றன. வேர்ட்பிரஸில் பழகிய கை அவ்வளவு எளிதில் வீடு மாறாது.

இரண்டு பக்கமும் எண்ணை அனுப்பத் தொடங்கினால் இன்னொரு கேள்வி எழும். தளத்தில் ஒருவர் 30 என்று கையால் மாற்றுகிறார், பேரேடு 28 என்கிறது. யார் சொல்வது சரி? இதை மென்பொருள் தீர்மானிக்கமுடியாது, கடைக்காரர்தான் சொல்லவேண்டும். இருப்புக்கும் விலைக்கும் பேரேடுதான் தாய்க் கணக்கு. படம், வர்ணனை, எண்ணெயின் மணம் பற்றி எழுதியது, இவற்றுக்குத் தளம்தான் தாய். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே தாய். இதைச் சொல்லாமல் போடப்படும் இணைப்பு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆறு மாதத்தில் குழம்பும்.

இவ்வளவையும் கட்டணச் சேவைகளிலும் செய்யலாம். நான் கட்டற்றதைப் பரிந்துரைப்பது செலவுக்காக மட்டுமல்ல. பராமரிக்க ஆள் வைத்தால் இதற்கும் செலவு உண்டு. ஒரு பைசா ஏன் விலகியது என்று கேட்டால், இணைப்பைத் திறந்து, அந்த வரியைக் கண்ணால் பார்த்து, ஊரில் பைத்தான் படித்த ஒரு பிள்ளையே திருத்தமுடியும். அந்தப் பிள்ளை மதுரையில் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் பஸ் ஏறக் காத்திருக்கிறவராகவும் இருக்கலாம்.

இணைப்பைப் போட முடிவெடுத்த கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்துங்கள். லைட்டைப் போட்டுக்கொண்டு குடோனுக்குள் போய், ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டு எண்ணி, அந்த எண்ணைப் பேரேட்டில் முதல் வரியாக எழுதுங்கள். மறுநாள் காலையில் இணைப்பைத் தொடங்கலாம்.