முதல் சாவி யார் கையில்? - சிம்ப்யூட்டர் சொன்ன பாடம்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு வேடிக்கை உண்டு. "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று டக்கென்று பதில் வரும். "கம்ப்யூட்டரில் என்ன?" என்று இன்னொரு கேள்வி போட்டால் அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா அப்பாவைப் பார்ப்பார். "ஏதோ போர்டாம், அதை பூட் பண்ணணுமாம்..." அவ்வளவுதான்.

அடியேன் பி.காம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வங்கி வேலையில் மாற்றலாகி இங்கே வந்தவன். வரவு செலவு தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு இந்த 'பூட்' சமாச்சாரம் புரிந்ததே எங்கள் கிளையின் காலை நேரத்தை வைத்துத்தான்.

காலையில் வங்கி எப்படித் திறக்கிறது? முதலில் வெளிக்கதவு. அடுத்து ஸ்ட்ராங் ரூம். அதற்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவர் வராவிட்டால் கதவு திறக்காது. பிறகு கணினியில் 'டே பிகின்'. அதன் பிறகுதான் கவுன்ட்டர். இந்த வரிசை மாறினால் அன்றைக்கு வியாபாரம் இல்லை.

கணினியும் இப்படித்தான். மின்சாரம் வந்த நொடியில் அதற்கு ஒன்றுமே தெரியாது. பெரிய நினைவகம்கூட உடனே வேலை செய்யாது. அதை யாராவது தட்டி எழுப்ப வேண்டும். அந்த முதல் ஆள்தான் பூட்லோடர். கடிகார வேகத்தை அமைத்து, நினைவகத்தை எழுப்பி, லினக்ஸ் போன்ற பெரிய நிரலை அதில் ஏற்றி, "இனி உன் பாடு" என்று ஒதுங்கிவிடும் சின்ன நிரல்.

பழைய காலத்தில் இந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். பல இயந்திரங்களில் முன்பலகையின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி முதல் கட்டளைகளைக் கையாலேயே ஊட்டுவார்கள். 1952-இல் வந்த ஐ.பி.எம். 701-இல் இதற்கென்றே 'லோட்' என்று ஒரு பொத்தான். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற கேலிப் பேச்சிலிருந்து வந்ததுதான் 'பூட்' என்ற சொல்.

சரி, பெங்களூருக்கு வருவோம். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், வி. வினய், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் என்ற பெங்களூர் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். எளிய, விலை குறைந்த, பல மொழி பேசும் மக்கள் கணினி என்பது நோக்கம். 2001 ஏப்ரலில் முன்மாதிரியைக் காட்டினார்கள். கையடக்கக் கருவி. உள்ளே இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, மேலே லினக்ஸ், பக்கத்தில் ஸ்மார்ட் கார்டு செருகும் துளை.

அந்தத் துளைதான் வங்கிக்காரனான என்னை ஈர்த்தது. ஊருக்கு ஒரு கருவி போதும், ஆளுக்கு ஒரு கார்டு என்பது அவர்கள் எண்ணம். கணக்கு அவரவர் கார்டில், இயந்திரம் பொது. இன்று கிராமங்களில் வங்கி முகவர்கள் கையில் வைத்திருக்கும் கருவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சிம்ப்யூட்டர் நினைவு வரும்.

அதில் முதல் சாவி எப்படி வேலை செய்தது? ஸ்ட்ராங்ஆர்ம் செயலி மின்சாரம் வந்ததும் முகவரி 0-க்குப் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதைச் செய்யும். அந்த இடத்தில் ஃபிளாஷ் நினைவகம். எனவே பூட்லோடர் சரியாக அந்த ஃபிளாஷின் முதல் பைட்டிலிருந்தே உட்கார வேண்டும். பொறியாளர் தன் மேசைக் கணினியில், வேறொரு செயலிக்கான நிரலை 'கிராஸ் கம்பைலர்' கொண்டு தயாரிப்பார். வருவது தலைப்பு, முகப்பு எதுவுமில்லாத வெறும் பைட்டுகளின் வரிசை. அதற்குத்தான் 'இமேஜ்' என்று பெயர். வெற்றுப் போர்டில் கேட்க ஆளில்லை என்பதால் ஜேடேக் என்ற தனி இணைப்பு வழியாக அதை எழுதுவார்கள். ஒரு பைட் பிசகினாலும் திரையில் ஒன்றும் வராது. கையிலிருப்பது செங்கல் :-)

சிம்ப்யூட்டரின் பெரிய துணிச்சல் வேறிடத்தில் இருந்தது. மென்பொருளை மட்டுமல்ல, வன்பொருள் வடிவமைப்பையும் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். ஒருமுறை கட்டணம் கட்டி யாரும் தயாரிக்கலாம். செய்த மேம்பாட்டை ஓராண்டு தனக்கென வைத்துக்கொள்ளலாம். பிறகு பொதுவுக்குத் தந்துவிட வேண்டும். 'திறந்த வன்பொருள்' என்ற பேச்சு உலகில் பரவலாகும் முன்பே, டாடா இன்ஸ்டிட்யூட் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் அந்த மரங்களுக்கு நடுவே நடந்தது இது.

2004 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா' சிம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. ஆரம்ப விலை சுமார் 10,000 ரூபாய். கருவியை அசைத்தால் பக்கம் புரளும்! ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இது. ஆனால் ஓராண்டில் 50,000 விற்க நினைத்தவர்களுக்கு 2005 வரை விற்றது சில ஆயிரம் மட்டுமே. மேசைக் கணினியின் விலை இறங்கிக்கொண்டிருந்தது. செல்பேசி எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. லாப நஷ்டக் கணக்கில் நஷ்டம்தான்.

ஆனால் எல்லாக் கணக்கும் ஒரு வருடத்தில் முடிவதில்லையே.

அதே காலத்தில் ஜெர்மனியில் வோல்ஃப்காங் டெங்க் என்ற பொறியாளர், பவர்பிசி போர்டுகளுக்கான பூட்லோடரைப் பல செயலிகளுக்கும் விரித்து 2002-இல் 'யு-பூட்' என்று பெயரிட்டார். (ஜெர்மன் மொழியில் அது நீர்மூழ்கிக் கப்பல்!) மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. அவர் 2022-இல் காலமானார். யு-பூட் இன்றும் உலகெங்கும் போர்டுகளை எழுப்பிக்கொண்டிருக்கிறது. மூலத்தை எடு, உன் போர்டின் அமைப்பைத் தேர்ந்தெடு, கம்பைல் செய். பெங்களூரில் நம் பிள்ளைகள் பலர் இரவு கண்விழித்துச் செய்வது இதைத்தான்.

இன்று இன்னொரு படி கூடியிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே கதவைத் திறக்கும். கையொப்பம் பொருந்தாவிட்டால் கருவி எழாது. காசு கையாளும் கருவிக்குப் பூட்டு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சாவி யாரிடம்? கருவியை வாங்கியவரிடமா, கடல் கடந்த கம்பெனியிடமா? கம்பெனி கடையை மூடினால் நம் கருவி என்ன ஆகும்? வங்கியில் பூட்டின் அமைப்பைத் தணிக்கையாளர் பார்க்கலாம். சாவி மட்டும் நம்மிடம். நல்ல பூட்டுக்கு அதுதான் இலக்கணம். ரகசியம் சாவியில் இருக்க வேண்டும், பூட்டில் அல்ல.

சிம்ப்யூட்டர் கேட்ட கேள்வியைச் செயலி வரைக்கும் கொண்டுபோனது சென்னை ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் காமகோடி குழுவினர் வடிவமைத்த 'சக்தி' செயலியில் 2018-இல் லினக்ஸ் எழுந்தது. அந்தச் சில்லு இன்டெலின் ஆலையில் வார்த்தது. அதே ஆண்டு சண்டிகரில் வார்த்த இன்னொரு சில்லும் வந்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'ஐரிஸ்' என்ற விண்வெளிச் சில்லை அறிவித்தன. வார்த்தது சண்டிகரில், உறையிட்டது கர்நாடகத்தில், போர்டில் பொருத்தியது சென்னையில். அந்த அறிவிப்பில் முக்கியமாகச் சொன்ன சேதி என்ன தெரியுமா? அது வெற்றிகரமாக 'பூட்' ஆகிவிட்டது என்பதுதான்.