தேக்கிய மின்சாரமும் மலைநாட்டு வண்டிகளும்

நானுஓயா புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் உள்ளது. தை மாதத்து விடியற்காலையில், தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி படியும் நாட்களில், கொட்டகையில் நிற்கும் தோட்ட லொறியைச் சாரதி உயிர்ப்பிக்க முயல்கிறார். இயந்திரம் ஒருமுறை முனகுகிறது, பின் ஓய்ந்துவிடுகிறது. பகற்பொழுதாயின் நான்கு பேர் கூடித் தள்ளலாம். வண்டியை இறக்கம் நோக்கி நிறுத்திவைப்பது மலைநாட்டுச் சாரதிகள் நெடுங்காலமாக அறிந்த உபாயமுமாகும். ஆனால் தோட்டங்களில் லொறி கொழுந்து மூட்டை மட்டும் ஏற்றியதன்று. நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் பல வேளைகளில் அதே லொறிதான். அவ்வேளையில் பற்றரி வலுவிழந்து கிடந்தால் அதன் விலை பணத்தால் அளக்கப்படுவதன்று.

பற்றரியை உயிரோடு வைத்திருப்பது எங்ஙனம்? அதற்கு எத்தகைய மின்னேற்றியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண, அப்பெட்டி பிறந்த வரலாற்றை அறிதல் பெரிதும் உதவும்.

1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தினார். அவற்றின் வழியே மின்சாரத்தைச் செலுத்தியபோது தகடுகள் மின்னை இரசாயன வடிவில் ஏற்றுக்கொண்டன. வேண்டியபோது அதனைத் திரும்பவும் தந்தன. அதற்கு முன்னிருந்த மின்கலங்கள் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்தவைதாம். பிளாந்தேயின் கலமோ மீண்டும் நிரப்பத்தக்கது. எனினும் நிரப்புவதற்கு அக்காலத்தில் ஏற்ற டைனமோ இல்லை. ஆகவே பழைய வகைக் கலங்களை வரிசையாக இணைத்தே புதிய கலத்தை நிரப்ப வேண்டியிருந்தது. உலகின் முதல் மின்னேற்றி மற்றொரு மின்கலமே என்பது வியப்புக்குரிய உண்மை.

இக்குறை 1871இல் தீரத் தொடங்கியது. அவ்வாண்டில் செனோப் கிராம் என்பவர் தொடர்ச்சியாக மின்சாரம் தரும் டைனமோவைப் பாரிசில் காட்டினார். பத்தாண்டுகளின் பின், 1881இல், கமீல் ஃபோர் ஈயத் தகடுகளின்மேல் ஈய ஒட்சைட்டுக் குழம்பைப் பூசும் முறையைக் கண்டார். அதனால் பல மாதம் பிடித்த தகடு தயாரிப்பு எளிதாயிற்று. கலத்தின் கொள்ளளவும் பெருகிற்று. பாரிசில் நிரப்பப்பட்ட ஃபோர் கலங்கள் அவ்வாண்டிலேயே கிளாஸ்கோவிலிருந்த விஞ்ஞானி வில்லியம் தாம்சனிடம் கொண்டு செல்லப்பட்டன. மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்து ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு அனுப்பலாம் என்பதை மக்கள் அப்போது கண்டனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1885இல், கொழும்பிலிருந்து மலையேறி வந்த புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. அரிசியும் உரமும் மேலே வந்தன. தேயிலைப் பெட்டிகள் கீழே சென்றன. 1903, 1904ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒடுக்கமான புகையிரதப் பாதையொன்றும் திறக்கப்பட்டது. பின்னர் வீதியில் பேருந்தும் லொறியும் பெருகவே, அச்சிறு புகையிரதத்தால் போட்டியிட இயலவில்லை. 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது. நீராவி எஞ்சினுக்கு விறகோ நிலக்கரியோ போதும். லொறிக்கோ பற்றரி வேண்டும். தண்டவாளத்தை விட்டு வீதிக்குச் சரக்கு மாறிய அன்றே, மலைநாட்டின் போக்குவரத்து ஈயத் தகடுகளையும் நம்பத் தொடங்கிவிட்டது எனலாம்.

தொடக்ககால மோட்டார் வண்டிகளை முன்புறத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றியே இயக்கினர். இயந்திரம் எதிர்த்து உதைக்கும்போது மணிக்கட்டு முறிவதும் உண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெட்டரிங் ஆக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து பற்றரி, விளக்கை எரிக்கும் உதவிப்பொருள் என்ற நிலையிலிருந்து வண்டியின் இதயம் என்ற நிலைக்கு உயர்ந்தது. உழவு இயந்திரங்களுக்கு இம்மாற்றம் தாமதமாகவே வந்தது. 1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரத்துக்குப் பற்றரி இல்லை, கைப்பிடிதான். 1946இல் வெளிவந்த ஃபெர்கூசன் உழவு இயந்திரத்திலோ மின்தொடக்கி அமைந்திருந்தது.

வண்டி ஓடும்போது பற்றரியை நிரப்பியது டைனமோ. அது மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரம் தருவதில்லை. 1960ஆம் ஆண்டுக்குப் பின் சிலிக்கன் திருத்திகளோடு கூடிய ஆடலோட்டப் பிறப்பாக்கி கார்களில் பரவலாயிற்று. குறைந்த வேகத்திலும் அது நன்கு நிரப்பும். ஆயினும் ஓடாத வண்டியை எந்தப் பிறப்பாக்கியும் நிரப்புவதில்லை. தொழிற்சாலைக்கும் மலைக்குமாகக் குறுந்தூரம் ஓடி, பலமுறை நின்று தொடங்கும் வண்டியின் பற்றரியும் நிறைவதில்லை. வெளியிலிருந்து நிரப்பும் மின்னேற்றி இங்கேதான் தேவையாகிறது.

பற்றரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். கம்பிவழி வரும் ஆடலோட்டத்தை அவ்வாறு திருத்த, 1910களில் தங்ஸ்தன் இழையும் ஆர்கன் வாயுவும் கொண்ட தங்கார் குமிழ் அமெரிக்காவில் வந்தது. பின்னர் செப்பு ஒட்சைட்டுத் தகடும், செலீனியத் தகடும், இறுதியில் சிலிக்கனும் வந்தன. இன்றைய மின்னேற்றியில் ஒரு சிறு கணிப்பான் அமர்ந்து, பற்றரியின் நிலையறிந்து மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது.

மின்னேற்றிக்கு மின்சாரம் வேண்டுமே! அதிலும் நானுஓயாவுக்குத் தனிச்சிறப்பு உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காக அமைத்த சிறிய நீர்மின் நிலையம், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்திலேயே எழுந்தது. இலங்கையின் நீர்வலுவைப் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை அவர் 1918இல் வாசித்தார். அவர் கண்ட கனவாகிய இலக்சபான மின் நிலையம் 1950இலேதான் இயங்கலாயிற்று. பல தோட்டங்களில் ஓடை நீரைக் கொண்டே தொழிற்சாலை இயந்திரங்களைச் சுழற்றினர். ஆயினும் தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்த காலத்திலும் லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

மின்சாரம் எட்டாத வீடுகள் தீவெங்கும் பற்றரியை நாடின. வண்டிப் பற்றரியைத் தோளிலும் வண்டியிலும் சுமந்து கடைவீதிக்குக் கொண்டுபோய் நிரப்பி வந்து, வானொலியும் தொலைக்காட்சியும் இயக்கினர். அப்பற்றரிகள் விரைவில் கெட்டன. காரணம் மக்களின் கவனக்குறைவன்று. வண்டிப் பற்றரியின் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்கென்றே அமைந்தவை. அவற்றை இரவெல்லாம் வற்றவிட்டு வாரம் ஒருமுறை நிரப்பினால் தாங்கா. எளிய மக்கள் தம் சிறு வருவாயில் மீண்டும் மீண்டும் பற்றரி வாங்க நேர்ந்தது இதனாலேயே.

பற்றரியின் மரணத்துக்கு முதன்மையான வழிகள் இரண்டு. வெறுமையாகக் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேற்று கடினப் பளிங்காக உறைந்துவிடும்; பிறகு மின்சாரம் ஏறாது. அளவு மீறி நிரப்பினாலோ, நீர் வாயுவாகப் பிரிந்து வற்றித் தகடுகள் அரிக்கப்படும். முன்னது பட்டினி, பின்னது அஜீரணம். நல்ல மின்னேற்றி இவ்விரண்டையும் தவிர்ப்பது.

தெரிந்தெடுக்கும்போது முதலில் நோக்க வேண்டியது வோல்ட் அளவு. பழைய வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட். கார்களிலும் உழவு இயந்திரங்கள் பலவற்றிலும் 12. பெரிய லொறிகளில் இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்து 24. லொறியின் இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வானொலிக்கு மின்சாரம் எடுப்பது தவறு. ஒன்று பட்டினியாகவும் மற்றது மிகையாகவும் நின்று இரண்டும் கெடும்.

அடுத்தது மின்னோட்டத்தின் அளவு. பற்றரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய, நம்பத்தக்க விதி. 100 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 10 அம்பியர் பொருந்தும். பராமரிப்பு மின்னேற்றி எனப்படும் சிறு கருவி ஒன்று அல்லது இரண்டு அம்பியரே தரும். அது நிறைந்த பற்றரியை நிறைந்தவாறே காப்பது. வெறுமையான பெரும் பற்றரியை நிரப்ப அதற்கு இரண்டு நாளுக்கும் மேலாகும். நாள்தோறும் ஓடும் லொறிக்குப் பெரிய மின்னேற்றியும், மாதக்கணக்கில் நிற்கும் உழவு இயந்திரத்துக்குப் பராமரிப்புக் கருவியும் ஏற்றவை.

மூன்றாவது, படிமுறை. நல்ல கருவி முதலில் நிறைய மின்சாரத்தைச் செலுத்தி, 12 வோல்ட் பற்றரியை ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை உயர்த்தும். அவ்வளவில் சிறிது நேரம் நிறுத்தும். பின் ஏறத்தாழ 13.5 வோல்ட்டுக்கு இறங்கிக் காவல் இருக்கும். இவ்விறுதிப் படி இல்லாத மலிவான மின்னேற்றியை இரவு முழுதும் இணைத்துவிட்டு உறங்குதல் ஆகாது.

நான்காவது, பற்றரியின் வகை. நீர் ஊற்றும் பழைய வகை, மூடிய வகை, கூழ் வகை, லிதியம் வகை ஆகியவற்றுக்கு வெவ்வேறு அளவுகள் உண்டு. ஒன்றின் கருவியை மற்றதற்கு உபயோகித்தல் கேடு.

மலைநாட்டுக்கு ஐந்தாவது விதியொன்றும் உண்டு, அது குளிர். மேற்கூறிய அளவுகள் 25 பாகை வெப்பத்துக்கு உரியவை. 10 பாகைக் குளிரில் பற்றரி நிறைவதற்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வோல்ட் வரை கூடுதலாக வேண்டும். கொழும்பில் சரியாக வேலை செய்யும் கருவி நானுஓயாவில் பற்றரியை அரைவயிற்றோடு விட்டுவிடக்கூடும். ஆகவே வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவியே இங்கு உகந்தது. மூடுபனியின் ஈரம் புகாத உறையும் வேண்டும். மின்சாரமில்லாத கொட்டகைகளுக்குச் சூரியத் தகடு உதவும். எனினும் தென்மேற்குப் பருவத்தில் வானம் பல நாள் மூடியிருக்குமாதலால், தகட்டைச் சற்றுப் பெரிதாகவே தெரிதல் நன்று.

நிரம்பும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிப்படும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால் காற்றோட்டம் அவசியம். கவ்விகளைப் பொருத்திய பின்னரே மின்சாரத்தைத் திறக்க வேண்டும். மின்சாரத்தை அடைத்த பின்னரே அவற்றைக் கழற்ற வேண்டும். குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றப்பட வேண்டும். சில மணி நேரம் ஓய்ந்த பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி; 12க்குக் கீழாயின் வெறுமை. மாதம் ஒருமுறை இதனை அளந்து குறித்துவைக்க ஐந்து நிமிடம் போதும்.

பிளாந்தேயின் இரண்டு ஈயத் தகடுகள் இன்றும் அடிப்படையில் அவையேதாம். அவற்றை நிரப்பும் வகை அறிந்து நிரப்பினால், பனி மூடிய இரவில் தோட்டத்து லொறி முதல் முயற்சியிலேயே உயிர்பெறும்; அதற்காகக் காத்திருக்கும் உயிரும் காக்கப்படும்.