பாதி பானெட்டும் ஒரு வேலியும்

2023 பிப்ரவரியில் மாப்பிள்ளை ஒரு பாட்டிலோடு வந்தார். காருக்கு அடிக்கிற செராமிக் ஸ்ப்ரே. "மாமா, வண்டியைக் கழுவி இதை அடிச்சுத் துடைச்சிட்டா ஒரு வருஷத்துக்குப் பெயிண்டைப் பத்திக் கவலையே வேண்டாம்" என்றார். பாட்டிலிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

முப்பத்தைந்து வருடம் பெயிண்ட் கம்பெனி லேபில் குப்பை கொட்டியவனிடம் இப்படி ஒரு பாட்டிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பானெட்டை மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தேன். இடது பட்டையில் ஒன்றும் கிடையாது. நடுவில் கடையில் கிடைக்கும் சாதாரண மெழுகு பாலீஷ். வலது பட்டையில் மாப்பிள்ளையின் ஸ்ப்ரே. "நல்லா இருந்த வண்டிக்கு இப்படிப் பட்டை போட்டு வெச்சிருக்கீங்களே" என்று வீட்டில் திட்டு. தேதியை நோட்டில் எழுதிக்கொண்டேன்: 12 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

ஒன்றும் பூசாத ஒரு பாகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இந்த வழக்கம் எங்கள் தொழிலுக்கு ஒரு வேலியிலிருந்து வந்தது. பெயிண்ட் தொழிலில் இருந்தவர்களே பலர் அறியாத கதை அது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்று ஓர் ஊர். அங்கிருந்த விவசாயக் கல்லூரிக்கு 1890-ல் எட்வின் லாட் என்ற வேதியியல்காரர் வந்து சேர்ந்தார். உணவுக் கலப்படத்தைப் பிடித்துக் கொடுப்பதில் பேர் வாங்கியவர். பிறகு அவர் கண் பெயிண்ட் டப்பாக்கள் மேல் விழுந்தது. அந்தக் காலத்தில் நல்ல பெயிண்ட் என்றால் ஈயத்தில் செய்த வெள்ளைப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும்தான். டப்பா மேல் "சுத்தமான சரக்கு" என்று அச்சடித்துவிட்டு உள்ளே சுண்ணாம்புப் பொடியையும் தண்ணீரையும் கலந்து விற்பவர்கள் இருந்தார்கள். மரவீடு கட்டி வாழ்கிற குடியானவன் ஒருமுறை பெயிண்ட் அடித்தால் ஐந்தாறு வருடம் நிற்கும் என்று நம்பித்தான் காசைப் போடுவான். இரண்டாம் குளிரிலேயே அது உரிந்தால் அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

லாட் முயற்சியால் 1905-ல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை மேலே எழுத வேண்டும். பெயிண்ட் கம்பெனிகள் வழக்குப் போட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1907 டிசம்பரில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. எனக்குப் பிடித்தது கோர்ட் சமாசாரம் அல்ல, 1906-ல் நடந்ததுதான். கல்லூரி நிலத்தில் பலகைகளால் ஒரு நீண்ட வேலி கட்டினார்கள். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயிண்ட். எல்லாவற்றுக்கும் ஒரே வெயில், ஒரே பனி, ஒரே காற்று. அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். வருடக்கணக்கில்.

பெயிண்ட் உற்பத்தியாளர் சங்கமும் சும்மா இருக்கவில்லை. கடலோரமாக அட்லாண்டிக் சிட்டியிலும், ஆலைப் புகை சூழ்ந்த பிட்ஸ்பர்க்கிலும் தாங்களே வேலி போட்டார்கள். உப்புக் காற்றில் நிற்பது புகையில் நிற்பதில்லை, புகையில் நிற்பது உப்பில் நிற்பதில்லை. "எத்தனை வருடம் தாங்கும்?" என்று கேட்டால் "எந்த ஊரில்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. பிறகு 1930-களில் ஃபுளோரிடாவின் மயாமி பக்கம் இதற்கென்றே திடல்கள் வந்தன. வெயில், புழுக்கம், மழை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். வறட்சி வேண்டுமென்றால் அரிசோனா பாலைவனம். இன்றும் உலகத்தின் கார் பெயிண்டுகள் பல இந்த இரண்டு ஊரில் வெயில் காய்ந்துவிட்டுத்தான் வருகின்றன.

லாட் கடைசியில் அமெரிக்க செனட்டராகி, பதவியில் இருக்கும்போதே 1925-ல் காலமானார். நிறையப் பேர் அவரை அரசியல்வாதியாகத்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு பாதியும் உண்டு. சிகாகோவில் பென் ஹிர்ஷ் என்பவர் 1940-களில் சொந்தமாகக் கார் பாலீஷ் காய்ச்சி விற்றார். பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கும் கார்களில் போய் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, சொந்தக்காரர் வருகிற வரை காத்திருப்பாராம். வந்தவர் பாவம் என்ன செய்வார், மீதி வண்டிக்கும் வாங்கித்தானே ஆக வேண்டும்! பிற்பாடு டர்டில் வாக்ஸ் என்று உலகமெல்லாம் தெரிந்த கம்பெனி அதுதான். இன்று அவர்களும் செராமிக் ஸ்ப்ரே விற்கிறார்கள். ஹிர்ஷின் சாமர்த்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பாதி அன்று மாலை வரை பளபளத்தால் போதும். லாட் வேலியோ ஐந்து வருடம் நிற்க வேண்டும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக வந்ததுதான் மெஷின். கார்பன் ஆர்க் விளக்கைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சில வாரங்களில் சில வருட வெயிலைக் காட்டிவிடலாம் என்பது எண்ணம். முதலில் துணிச்சாயம் வெளுக்கிறதா என்று பார்க்கச் செய்த விளக்கு. அந்த ஒளி சூரிய ஒளி மாதிரி இல்லை. சில அலைகள் அதிகம், சில குறைவு. அதனால் மெஷினில் முதலாவதாக வந்த பெயிண்ட் வெளியில் கடைசியாக வருவதுண்டு. பிறகு செனான் விளக்கு வந்து நிலைமை கொஞ்சம் தேறியது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை இங்கே எழுதவில்லை.

1979. ஒரு வாடிக்கையாளரின் டெலிவரி வேன்களுக்குப் புதிய சிவப்பு எனாமல். மெஷினில் முந்நூறு மணி நேரம் ஜம்மென்று தாண்டிவிட்டது. லேப் மொட்டை மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்த தகடுகளில் நான்காம் மாதமே கறுப்புத் துணியால் தேய்த்தால் மாவு வந்தது. சாக்பீஸ் மாதிரி. வெயிலில் பிசின் சிதைந்து, அது பிடித்து வைத்திருந்த நிறப்பொடி உதிர்கிற மாவு அது. மேலதிகாரியிடம் காட்டினேன். "மெஷின் ரிப்போர்ட் பாஸ், மாடியில் புழுதி படிஞ்சிருக்கும்ப்பா" என்றார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். மெஷின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மாடித் தகடுகளைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அடுத்த வருடமே வேன்கள் ரோஸ் கலருக்கு வெளுத்தன. பெயிண்ட் அடித்த மேஸ்திரி மட்டமான தின்னர் கலந்துவிட்டார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். அந்த மனிதர் தன் கைக்காசில் ஆள் வைத்து அத்தனை வேனையும் மறுபடி தேய்த்து அடித்துக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கழித்து அவரை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தேன். பக்கத்து இலை. "மேஸ்திரி, அது தின்னர் இல்லை, பெயிண்ட்தான்" என்றேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "தெரியும் சார். கன்ல போகும்போதே தெரியும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பாயசம் வந்தது.

சரி, பானெட்டுக்கு வருவோம்.

செராமிக் என்றதும் பீங்கான் தட்டு ஞாபகம் வரும். ஸ்ப்ரே பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் சேர்மங்கள்தான். துடைத்ததும் பெயிண்ட் மேல் மெல்லிய ஏடாக ஒட்டும். காரின் மேல்பூச்சு, கிளியர் கோட், சுமார் நாற்பது ஐம்பது மைக்ரான் இருக்கும். ஸ்ப்ரே விட்டுப்போகிற ஏடு ஒரு மைக்ரானுக்கும் கீழே. தண்ணீர் அதன்மேல் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். எல்லாரும் மயங்குவது அந்த முத்தில்தான். நானும் அதைத்தான் பார்த்தேன், வீட்டில் வேறு கருவி ஏது? ஞாயிறு காலை ஒரே வாளி, ஒரே ஷாம்பு, மூன்று பட்டைக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீர், ஒரு போட்டோ, நோட்டில் ஒரு வரி.

மெழுகு ஏப்ரல் பாதியிலேயே கையை விரித்துவிட்டது. ஸ்ப்ரே பட்டை மே மாத வெயிலிலும் அசரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கை வைத்தால் வழுக்கியது, தூசும் சீக்கிரம் போனது. ஜூலைக் கடைசியில் தண்ணீர் படுத்துவிட்டது. "ஐந்தரை மாதம், முடிந்தது" என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

அங்கேதான் ஏமாறப் பார்த்தேன். எங்கள் தெரு போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஏறிக் கிடக்கும். அந்த உப்பு பானெட்டிலும் படிந்திருக்குமே என்று தோன்றி, வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து மூன்று பட்டையையும் துடைத்து அலசினேன். மறுபடி வலது பட்டையில் மட்டும் முத்து நின்றது! ஏடு உயிரோடுதான் இருந்தது, மேலே அழுக்குப் போர்வை. எழுதிய வரியை அடித்தேன். மேஸ்திரி விஷயத்தில் அடிக்காமல் விட்டது ஒரு வரி, இதையாவது அடிப்போம்.

அதன் பிறகு செப்டம்பர் பாதியில் உண்மையாகவே தளர்ந்தது. வினிகருக்கும் எழுந்திருக்கவில்லை. கணக்குப் பார்த்தால் ஏழு மாதம்.

இன்னொன்று. ஜூனில் வேப்பமரத்துக் காக்கை ஸ்ப்ரே பட்டையிலும் வெறும் பட்டையிலும் எச்சம் போட்டுவிட்டுப் போனது. இரண்டு நாள் ஊரில் இல்லை. வந்து துடைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடு. வெறும் பட்டைக்கு எந்த விதத்திலும் அதிகமில்லை. ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் என்ற ஊரில் அமிலமழை கார்களின் கிளியர் கோட்டை அரித்துப் புள்ளி புள்ளியாக ஆக்கியதால், கார் கம்பெனிகள் கோடை மாதங்களில் அங்கே தகடுகளைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். நம் வீட்டு வாசலில் அந்த வேலையைக் காக்கை செய்தது. தண்ணீர் முத்தாக நிற்கிறது என்பதற்காக எச்சம் அரிக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பார்த்தவுடன் ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

நவம்பர் 12 தீபாவளி. தொடங்கி சரியாக ஒன்பது மாதம். மாப்பிள்ளை வந்ததும் வராததுமாக, "மாமா, ரிசல்ட் என்ன?" என்றார். டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி பானெட் முழுக்க ஊற்றினேன். "எது உங்க பட்டைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை." குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். நடுப் பட்டையைக் காட்டினார்.

"ஏழு மாசம். இந்த வாசல்ல, இந்தப் போர் தண்ணியில, கவர் போடாம. உங்க ஆபீஸ் பேஸ்மென்ட்ல நிக்கிற வண்டின்னா இன்னும் கூட வரலாம்" என்றேன்.

"பாட்டில்ல ஒரு வருஷம்னு போட்டிருக்கே மாமா?"

"எந்த ஊர்லன்னு போட்டிருக்கா பாருங்க."

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு குலுக்கிப் பார்த்து, "பாதி மிச்சம் இருக்கு, மறுபடி அடிச்சிடலாமா?" என்றார். அடிக்கலாம் என்றேன், இடது பட்டையைத் தவிர. உள்ளேயிருந்து "இன்னும் ஒரு வருஷமா!" என்று குரல் கேட்டது. மாஸ்கிங் டேப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.